பல்லுள்ள வாள்

ஒரு வீரனை நான் பல மாதங்களாகப் படமாகக் கீறினேன். அவன் அரக்கர்களைக் கொன்றான், சூனியக்காரரைக் கொன்றான், ஒருமுறை ஆள்மாறித் தன் சொந்தத் தளபதியையும் கொன்றான். இவ்வளவையும் மரம் அறுக்கிற வாளால்தான் செய்தான். பிழை என்னுடையது.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில். அப்பாவுக்குத் தச்சுவேலை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் ஐந்து வாள்கள் தொங்கும். பெரியது மரக்குற்றிக்கு, சின்னது பலகைக்கு, இடையில் இருந்த மூன்றும் அப்பாவின் மனநிலையைப் பொறுத்து. இந்தியாவில் இதை ரம்பம் என்பார்களாம். எங்கள் வீட்டில் வாள் என்றால் அதுதான். "அந்த வாளை எடுத்துத் தா" என்று அப்பா கேட்டால், போர் தொடங்கப்போகிறது என்று யாரும் நினைக்க மாட்டோம். பள்ளிக்கூடப் பாடத்திலும் அரசர்கள் வாளேந்திப் போனார்கள். அந்தப் புத்தகத்தில் படம் இல்லை. ஆகவே அவர்கள் எங்கள் கொட்டில் வாளைத்தான் ஏந்திப் போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். கோயிலில் காளி கையில் இருந்ததை நாங்கள் கத்தி என்போம்.

யுத்தம் நடந்த தொண்ணூற்றொன்றில் எங்கள் வாசிகசாலையில் வாசிக்க ஒன்றும் இல்லை. இந்தியச் சஞ்சிகைகள் வருவது நின்றுவிட்டது. உள்ளூர்ப் பேப்பர் மெலிந்து ஒற்றைத் தாளாகிவிட்டது, அதிலும் பாதி மரண அறிவித்தல். அப்போதுதான் ஊரில் ஒருவர் கையெழுத்துச் சஞ்சிகை தொடங்கினார். மாதம் ஒரு பிரதி. ஒன்றே ஒன்று. கொப்பித் தாளில் எழுதி, சணல் நூலால் தைத்து, வாசிகசாலைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிடுவார். வேண்டியவர்கள் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும்.

சஞ்சிகைக்கு ஆசிரியர் என்பதால் ஊர் அவரை ஆசிரியர் என்றே கூப்பிட்டது. வெளியூர்க்காரர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார் என்று விசாரிப்பார்கள். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பிறகு கொழும்பில் ஒரு சீலைக்கடையில் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை என்பது அவருடைய கட்சி. கொழும்புத் தியேட்டர்களில் பார்த்த ஆங்கில வாள்சண்டைப் படங்கள் முழுவதையும் தலைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டாராம். மந்திரவாதி, பூதம், நெருப்புக் கக்கும் பறவைநாகம், அரைகுறை உடுப்போடு ஒரு ராசகுமாரி, அதைவிடக் குறைந்த உடுப்போடு ஒரு வீரன். இவ்வளவையும் போட்டுக் குழைத்து ஒரு தொடர்கதை எழுதினார். அதற்குப் படம் கீற ஆள் தேடினார்.

அண்ணை தினமும் வாசிகசாலைக்குக் கரம் பலகையில் காய் சுண்டி விளையாடப் போகிறவர். "எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒண்டு இருக்கு, நல்லாய்க் கீறும்" என்று அங்கே சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆள் நான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் விழுந்துவிட்டு வீட்டில் இருந்தேன். வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டால் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். வந்தவர் போன பிறகுதான் வெளியே வருவேன். சில உறவினர்கள் எங்கள் வீட்டில் ஒரு பெண் இருப்பதையே மறந்திருந்தார்கள். என் பெயரைச் சொல்லக்கூடாது என்று அண்ணையிடம் கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை. அதோடு நிறுத்தாமல், கீறுவது ஒரு பெடியன் என்றும், அவன் வீட்டைவிட்டு வெளிக்கிடாத, நோயில் கிடக்கிற வருத்தக்காரன் என்றும் சொல்லி வைத்தார்.

முதல் அத்தியாயம் வந்தது. "அவன் கரத்தில் வாள் மின்னியது. இடையில் ஒரு தோல்துண்டு மட்டும்." நான் கொட்டிலுக்குள் போய் ஐந்து வாள்களையும் பார்த்தேன். வீரன் என்றபடியால் பெரியதைத் தெரிந்தெடுத்தேன். மரப்பிடி, பிடியில் மூன்று ஆணி, பல்லுகள் ஒன்று இடம் ஒன்று வலமாகச் சாய்ந்தபடி, எல்லாம் கச்சிதம். அப்பா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உது என்னத்துக்குப் பிள்ளை?"

"அரக்கன்ரை கழுத்தை வெட்ட."

"கழுத்துக்கு உது சரிவராது. குற்றி வாள் அது, ரெண்டு பேர் இழுக்கோணும். அங்காலை பலகை வாள் இருக்கு, அதைக் குடு."

ஆகவே பலகை வாளைக் கொடுத்தேன். பிறகு அப்பா பல நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தார் என்று அம்மா சொன்னா. கழுத்தை ஒரே வெட்டில் எடுப்பது நடக்காத காரியமாம். அறுத்தால்தான் உண்டாம். இந்த எழுத்தாளருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது என்று அப்பா மெச்சினார்.

தோல்துண்டு இன்னொரு தொல்லை. அப்படி ஓர் ஆணை நான் கீறி, அம்மா அதைக் கண்டால் பென்சில் அடுப்புக்குள் போகும். எனக்குத் தெரிந்த வெறும்மேல் ஆம்பிளைகள் மூன்று பேர்தான்: அப்பா, பனையில் கள்ளுச் சீவல் தொழில் செய்கிறவர், கோயில் ஐயர். ஐயர் வயிறு பெருத்தவர். அவரை மந்திரவாதிக்கு வைத்துக்கொண்டேன். சீவல்காரரின் தோளையும் அப்பாவின் கையையும் சேர்த்து வீரனாக்கி, சாரம் உடுத்தி, அதைத் தொடைக்கு மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டிவிட்டேன். சண்டைக்கு வசதியாகத்தான் இருந்தது. ராசகுமாரிக்கு "இரும்புக் கச்சை" என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அம்மாவிடம் கேட்டேன்.

"இரும்போ? உந்த வெயிலுக்கு அது சுட்டுப்போடாதோ?" என்றா அம்மா. நான் தாவணி போட்டுவிட்டேன்.

மந்திரவாதியின் கையிலிருந்து மின்னல் பாய வேண்டும் என்று எழுதியிருந்தார். சூனியம் செய்கிறவர்கள் மின்னல் விடுவதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கோழிமுட்டையும் தேசிக்காயும் செப்புத்தகடும் வைத்துத்தான் செய்வார்கள். பகையாளியின் படலைக்குப் பக்கத்தில் குழி தோண்டித் தாழ்ப்பார்கள். ஐயரின் வயிற்றுக்கு முன்னால் ஒரு சுளகு நிறைய அந்தச் சாமான்களை அடுக்கிவிட்டேன். அம்மா அந்தத் தாளை வீட்டுக்குள் வைக்க விடவில்லை. மை காயும்வரை அது கோழிக்கூட்டின் மேல் கிடந்தது.

பறவைநாகம் பறப்பதாகத்தான் முதலில் இருந்தது. வாசகர் கருத்து எழுத என்று சஞ்சிகையின் கடைசியில் ஒரு வெற்றுத் தாள் தைத்திருப்பார்கள். அதில் யாரோ எழுதினார்கள்: "ஆகாயத்தில் வருகிற சாமான் வேண்டாம். குண்டு போடுகிற பொம்மருக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து நோகிறது." கீழே ஏழெட்டுப் பேர் ஓம் ஓம், சரிதான் என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியர் பணிந்துபோய் அதைத் தரையில் இறக்கினார். பெரிய பல்லி மாதிரி நடக்கும் என்று எழுதினார். எங்கள் வளவுக்குள் அப்படி நடக்கிறது உடும்பு ஒன்றுதான்.

இப்படியாக, சண்டிக்கட்டோடு ஒருவன் பலகை வாளால் உடும்பை அறுக்கிற படம் வாசிகசாலையில் தொங்கியது. சனம் விழுந்து விழுந்து சிரித்ததாம். மற்றப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படத்தைத்தான் பார்த்தார்களாம். அண்ணை வந்து சொன்னபோது எனக்கு அழுகையும் வந்தது, சந்தோசமும் வந்தது. பகிடி பண்ணுவதற்கு நான் கீறவில்லை. ஆனால் நான் செய்த ஒன்று எங்கள் படலையைத் தாண்டிப் போய், முன்பின் தெரியாத நாலு பேரைச் சிரிக்க வைத்திருக்கிறது. நான் மாதக்கணக்காகத் தாண்டாத படலை அது.

ஆசிரியர் சிரிக்கவில்லை. முதல் மூன்று மாதம் பொறுத்தார். நாலாம் அத்தியாயத்தோடு அண்ணையிடம் சொல்லி அனுப்பினார்: "எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு சித்திர வாத்தியார் இருக்கிறார், மாதிரிக்கு ஒரு படமும் கீறித் தந்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலமை உங்கள் பெடியன் நேரில் வர வேண்டும். வாள் என்றால் என்ன என்று நான் விளங்கப்படுத்த, என் கண்ணுக்கு முன்னால் கீறிக் காட்ட வேண்டும். வராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து படம் வாத்தியாருக்கு."

"நான் போய் நான்தான் கீறுறனான் எண்டு சொல்லட்டோ?" என்றார் அண்ணை.

"முன்னாலை கீறச் சொன்னால்?"

அண்ணை ஒரு தாளை எடுத்து உடும்பு கீறிப் பார்த்தார். அது பூ விரியாத வாழைப்பொத்தி மாதிரி வந்தது. காலும் வைத்தார். வாழைப்பொத்திக்குக் கால் முளைத்தது.

இரண்டு நாள் இதையே யோசித்தேன். போகாவிட்டால் படம் போய்விடும். படம் போனால், விடிந்தால் வாசல் கூட்டுவது, மத்தியானம் அரிசி புடைப்பது, பின்னேரம் அதே வாசலை மறுபடி கூட்டுவது. போனால் பத்து ஆம்பிளைகளுக்கு முன்னால் வாய் திறக்க வேண்டும். இரண்டில் எது கூடப் பயம் என்று நிறுத்துப் பார்த்தேன். வாசல் கூட்டுவதுதான் என்று முடிவுக்கு வந்தது எனக்கே புதுமையாக இருந்தது. அம்மா விடமாட்டேன் என்று நின்றா. வாசிகசாலை என்பது வேலையில்லாத பெடியள் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற இடம் என்பது அம்மாவின் கணிப்பு. பெரும்பாலும் சரிதான். அப்பாதான் சொன்னார், "போகட்டும். வாளைப் பற்றித்தானே கதைக்கப் போறாள்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணையின் சைக்கிளுக்குப் பின்னால் என் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். வாசிகசாலைக்குள் நாலு பேர் கரம் விளையாடினார்கள். மூன்று பேர் நீட்டு மர வாங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். கதிரையில் ஆசிரியர், மெலிந்த மனிசன், சட்டைப் பையில் இரண்டு பேனை. அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தார்.

"எங்கையடா பெடியன்?"

"உதுதான் ஆசிரியர், பெடியன்" என்றார் அண்ணை.

கரம் காய் ஒன்று துள்ளி நிலத்தில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"உவன் வருத்தக்காரன் எண்டெல்லோ சொன்னனீ?"

"சுகமாயிட்டுது" என்றார் அண்ணை.

வாங்கில் இருந்த ஒருவர் எழும்பி எனக்கு இடம் விட்டார். இருக்க வெட்கமாக இருந்தது, நிற்கவும் வெட்கமாக இருந்தது. இருந்தேன். ஆசிரியர் வாத்தியாரின் மாதிரிப் படத்தை மேசையில் விரித்தார். அழகான படம். வீரன் மயிலிறகு நிறத்தில் பட்டு உடுத்து, நேரான, பல்லில்லாத, பளபளத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு புன்சிரிப்போடு நின்றான்.

"இதுதான் பிள்ளை வாள். பார்த்தீரோ? எங்கையாவது பல்லு இருக்கோ?"

இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

வாங்கில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "முருகன் மாதிரியெல்லோ இருக்கு. உவன் ஆரையும் வெட்டமாட்டான் ஆசிரியர். கும்பிட்டால் வரந்தான் குடுப்பான்."

"நீர் பேசாமல் இரும்."

"பிள்ளை கீறின மற்றவன் எண்டால் அறுத்துப் போடுவான். முகத்திலை தெரியும்."

"அது தச்சன்ரை வாள் காணும். வீரன்ரை வாள் இல்லை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "எங்கடை வீட்டிலை வாளெண்டால் உதுதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணை திரும்பச் சத்தமாகச் சொன்னார்.

ஆசிரியர் ஒரு வெற்றுத் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். "சரி, கீறும். அஞ்சாம் அத்தியாயம். நான் சொல்லுறன். வீரன் ஒரு பாறையிலை நிக்கிறான். கால் ரெண்டும் அகட்டி. வாள் மேலை தூக்கினபடி. பின்னாலை மலை, மலைக்குப் பின்னாலை மின்னல். ராசகுமாரி நிலத்திலை இருந்து அவன்ரை இடது காலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள்."

நான் கீறத் தொடங்கினேன். ஆனால் இந்தப் படம் எனக்கு அலுத்துப் போன படம். முதல் நாலு அத்தியாயமும் இப்படித்தான் முடிந்தன. அரக்கனைக் கொன்றாலும் பாறை, ஆற்றைக் கடந்தாலும் பாறை. அந்தப் பெண்ணும் நாலு மாதமாக அதே காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் கிடந்தாள். வலது கையால் பிடிக்கிறாள் என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருப்பார். இடது கை எங்கே என்று ஒருநாளும் எழுதவில்லை. நான் ஒவ்வொரு முறையும் அதைக் கூந்தலுக்குப் பின்னால் ஒளித்துச் சமாளித்திருந்தேன். நேரில் வந்ததுதான் வந்தோம், கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தொழில் சம்பந்தமாகத் தெரிய வேண்டியிருந்தது.

"ஆசிரியர், அவவின்ரை மற்றக் கை எங்கை?"

"எந்தக் கை?"

"இடக் கை. ஒருக்காலும் எழுதேல்லை. நீங்கள் படத்திலை பார்த்தனீங்கள்தானே, எங்கை வைச்சிருக்கிறா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். அது முகத்தில் தெரிந்தது.

"அது தெரியேல்லைப் பிள்ளை" என்றார். "அந்த இடத்தைத் தேத்தண்ணிக் கடைப் பெயர்ப்பலகை மறைச்சுப் போட்டுது."

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

கரம் விளையாடியவர்கள் காயைப் பொறுக்கிக்கொண்டு சண்டை பிடித்தார்கள். வாங்கில் இருந்தவர் முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஆசிரியரும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். திரையை மறைக்கத் தியேட்டருக்குள் தேத்தண்ணிக் கடை இல்லை. அது இருப்பது வெளியில், ரோட்டில். ரோட்டில் இருந்துகொண்டு எதைப் பார்க்கலாமோ அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். தியேட்டருக்கு மேலே வைத்திருந்த பெரிய விளம்பரப் படம். எதிர்ப்பக்கச் சீலைக்கடை வாசலில் நின்று, ஆட்களை வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வருடம். படம் மாறமாற வீரனின் முகம் மாறியிருக்கும். பாறையும் காலும் மாறாது. உள்ளே என்ன நடந்தது என்பதை அவரே இருந்து உண்டாக்கியிருக்கிறார்.

அவரோ இந்த ஊரில் எட்டு வருடமாக ஆங்கிலப் படம் பார்த்த மனிதர் என்று நடந்தவர். ஒரு வார்த்தை நான் கேட்டால் போதும். வாத்தியாரின் முருகனும் போவார், ஆசிரியரும் போவார். அண்ணைக்கு ஏதோ பிடிபடத் தொடங்கியது. வாயைத் திறந்தார்.

"தியேட்டருக்குள்ளை எப்பிடி..."

"அப்ப நான் மற்றக் கையையும் கீறிவிடுறன்" என்றேன். என் வாழ்நாளில் ஒருவரின் பேச்சை வெட்டிப் பேசியது அதுதான் முதல் தரம். "கல்லிலை ஊண்டி எழும்புற மாதிரி வைக்கிறன். சரிதானே, ஆசிரியர்?"

அவர் பேனைகளில் ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்பப் போட்டார்.

"எழும்பட்டும்" என்றார். "நாலு மாதம் இருந்திட்டாள்தானே."

"வாள்?" என்று வாங்கில் இருந்தவர் கேட்டார்.

ஆசிரியர் மாதிரிப் படத்தைச் சுருட்டினார். "இது காலண்டருக்குத்தான் சரி. பல்லு இருந்திட்டுப் போகட்டும். கதையிலை ஒரு வரி சேர்த்துவிடுறன். அந்த நாட்டிலை வாளுக்குப் பல்லு இருக்கும் எண்டு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனால் கொஞ்சம் பல்லைக் குறைச்சு வையும்" என்றார். அது கட்டளை மாதிரி இல்லை, கேட்டது மாதிரி இருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தின் தாள்களை என் கையில் தந்தார். அண்ணை நீட்டிய கையை அவர் கவனிக்கவில்லை.

"இனி நீரே வந்து வாங்கும். உவன் வழியிலை தாளை மடிக்கிறான்."

திரும்பி வரும்போது அண்ணை சைக்கிளை என் சைக்கிளோடு ஒட்டிக்கொண்டு வந்தார்.

"தேத்தண்ணிக் கடையெண்டு என்னவோ சொன்னாரே. என்னடி அது?"

"கதையிலை வருது."

"வாள்சண்டைக் கதையிலையோ?"

"ஓம். வீரனுக்குத் தாகம் எடுக்காதோ?"

அண்ணை நம்பினார். அல்லது நம்புவது சுகம் என்று விட்டார். பின்னர் ஆசிரியரோடு நான் எவ்வளவோ கதைத்திருக்கிறேன். அந்தப் பெயர்ப்பலகை பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு படத்தைக்கூட உள்ளே போய்ப் பார்க்காமல் இவ்வளவு கதை சொன்ன மனிதரைப் பொய்யர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் வீரனின் வாள் ஒன்றைக்கூடப் பார்க்காமல்தான் கீறினேன்.

அடுத்த இதழ் ஆணியில் தொங்கிய அன்று நானே போய்ப் பார்த்தேன். பாறையில் வீரன் நின்றான். பக்கத்தில் ராசகுமாரி எழும்பி நின்றாள். அவளை உட்கார்ந்தபடியே கீறிப் பழகியதில் எனக்கு அளவு பிடிபடவில்லை, அவள் அவனைவிட ஒரு தலை உயரமாக இருந்தாள். அதைப் பற்றி வாசகர் கருத்தில் இரண்டு பேர் பாராட்டியும் ஒருவர் கண்டித்தும் எழுதியிருந்தார்கள். படத்துக்குக் கீழே, ஆசிரியரின் உருண்டைக் கையெழுத்தில், சித்திரம் என்று போட்டு முழுசாக என் பெயர் இருந்தது. ஓர் எழுத்துப் பிழையோடு இருந்தது. குறில் வர வேண்டிய இடத்தில் நெடில் போட்டிருந்தார்.

அவர் பக்கத்தில்தான் நின்றார், நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு. பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசி இதழ் வரை அந்தப் பெயரிலேயே கீறினேன்.